தை பிறந்தால் அட்மிஷன் திறக்கும்

மேல்படிப்பு என்றால் ஜூன், ஜூலை என்றுதான் நம் ஊரில் நினைப்பு. ரிசல்ட், கட்-ஆஃப், கவுன்சலிங், ஃபீஸ் என்று எல்லாக் கூத்தும் கோடையிலேயே முடிந்துவிடும். வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கிறவர்களுக்கு இன்னொரு கதவு மார்கழியில் திறக்கிறது என்பது பாதிப் பேருக்குத் தெரியாது. கோபாலபுரத்தில், அவ்வை சண்முகம் சாலையை ஒட்டிய தெருவில், ஜெராக்ஸும் ஆன்லைன் விண்ணப்பமும் பார்க்கிற கடை என்னுடையது. டிசம்பர் கடைசியில் கச்சேரி டிக்கெட்டை பிரிண்ட் எடுக்க ஒரு கூட்டம் வரும். அதே நேரத்தில் ஆஸ்பத்திரி ஷிஃப்ட் முடிந்த நர்ஸ், ஆடிட்டர் ஆபீஸ் பையன், ஸ்கூல் டீச்சர் என்று இன்னொரு கூட்டம் வரும். இவர்கள் கேட்பது ஒன்றே ஒன்று: "அக்கா, ஜனவரி அட்மிஷன் இன்னும் ஓடுதா?"

ஓடுகிறது என்பேன். அடுத்ததாக, "எந்த யுனிவர்சிட்டி நல்லது?" என்பார்கள். அங்கேதான் நான் கொஞ்சம் நிறுத்துவேன். "படிச்சு முடிச்சு என்ன வேலைக்குப் போகப் போறீங்க? அந்த வேலைக்கு லைசென்ஸ் யார் கொடுக்கறாங்க?" இந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்தால்தான் அப்ளிகேஷனைத் திறப்பேன். பட்டம் கொடுப்பது பல்கலைக்கழகம். அந்தப் பட்டத்தை வைத்துத் தொழில் செய்யலாமா என்று சொல்வது வேறொரு கவுன்சில். பணத்தைத் தொலைத்துவிட்டு வருகிறவர்களில் பலர் முதலாவதை மட்டும் விசாரித்தவர்கள்.

யார் யார் ஜனவரியில் சேர்க்கிறார்கள்?

வருடத்துக்கு இரண்டு முறை ஆள் சேர்ப்பது தொலைநிலைக் கல்விக்குப் பழைய பழக்கம். 1985-இல் தொடங்கிய இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துக்கு, அதாவது இக்னோவுக்கு, ஜனவரி ஒன்று, ஜூலை ஒன்று என இரண்டு பருவம். அதன் சென்னை மண்டல அலுவலகம் வேப்பேரி பெரியார் திடலில் இருக்கிறது. சேப்பாக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தொலைதூரக் கல்வி நிறுவனம் 1981-இல் அஞ்சல் வழிக் கல்வியாக ஆரம்பித்தது. அங்கே ஜூலை சேர்க்கையை 'அகாடமிக் இயர்' என்றும் ஜனவரி சேர்க்கையை 'காலண்டர் இயர்' என்றும் சொல்வார்கள். சைதாப்பேட்டையில் உள்ள தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002-இல் வந்தது. அங்கேயும் இதே இரண்டு கணக்குதான்.

நேரில் வகுப்பு நடத்தும் கல்லூரிகளும் ஜூலை-ஆகஸ்ட், ஜனவரி-பிப்ரவரி என இரண்டு முறை சேர்த்துக்கொள்ளலாம் என்று யு.ஜி.சி. 2024 ஜூனில் அறிவித்தது. சேர்க்கலாம் என்றுதான் சொன்னதே தவிர, சேர்த்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. அதனால் நம் பக்கத்துக் கல்லூரிகளில் பெரும்பாலானவை பழையபடி கோடையில்தான் சேர்க்கின்றன. ஆராய்ச்சிப் படிப்பு மட்டும் விலக்கு. ஐ.ஐ.டி. மெட்ராஸில் எம்.எஸ்., பிஎச்.டி., அண்ணா பல்கலையில் பிஎச்.டி. ஆகியவற்றுக்கு ஜனவரியிலும் சேர்க்கை உண்டு.

நேரடி வகுப்பில் நடுவருடத்தில் சேருவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பாடங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். முதல் பாகம் ஜூலையிலும் இரண்டாம் பாகம் ஜனவரியிலும் நடக்கும். ஜனவரியில் நுழைகிறவர் முதல் பாகம் படிக்காமலே இரண்டாம் பாகத்தில் உட்கார வேண்டி வரலாம். இல்லாவிட்டால் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். ஜெமினி மேம்பாலத்துப் பக்கம் அமெரிக்கத் துணைத் தூதரகத்துக்குப் போகிற பிள்ளைகள் காலையிலேயே ஐ-20 ஃபார்மும் டிஎஸ்-160 பக்கமும் பிரிண்ட் எடுக்க வருவார்கள். ஜனவரியில் தொடங்கும் ஸ்பிரிங் பருவத்துக்குப் போகிறவர்களுக்கும் இதே சிக்கல்தான். அங்கே அடிப்படைப் பாடங்களும், படித்துக்கொண்டே சம்பாதிக்கிற அசிஸ்டென்ட்ஷிப்பும் பெரும்பாலும் ஆகஸ்டில் தொடங்கும் ஃபால் பருவத்தைச் சுற்றித்தான். "ஸ்பிரிங்ல என்னென்ன கோர்ஸ் ஓடுதுன்னு டிபார்ட்மென்ட்டுக்கு மெயில் போட்டுக் கேட்டியாப்பா?" என்று கேட்டால், கேட்டவர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள். தொலைநிலைக் கல்வியில் இந்தத் தொல்லை இல்லை. ஜனவரியில் சேர்ந்தாலும் ஜூலையில் சேர்ந்தாலும் முதல் செமஸ்டர் முதல் செமஸ்டரிலிருந்துதான்.

துறைக்கு ஒரு வாசற்காவலர்

சட்டம்: அடிக்கடி வருகிற கேள்வி, "எல்.எல்.பி. கரஸ்ல படிக்கலாமா?" முடியாது. பார் கவுன்சில் ஆஃப் இந்தியா அதை ஏற்பதில்லை. யு.ஜி.சி.யின் 2020 விதிகளும் சட்டத்தைத் தொலைநிலையில் நடத்தத் தடை போட்டிருக்கின்றன. பாரிமுனையில் இருந்த சட்டக் கல்லூரி 2018-இல் புதுப்பாக்கத்துக்கும் பட்டரைப்பெரும்புதூருக்கும் பிரிந்து போனபிறகு, வேலை பார்த்துக்கொண்டே போய்வருவது இன்னும் பெரும்பாடு. கோர்ட்டில் வாதாட வேண்டாம், ஆபீஸ் வேலைக்குச் சட்டம் கொஞ்சம் தெரிந்தால் போதும் என்கிறவர்களுக்கு இக்னோவில் அறிவுசார் சொத்துரிமை டிப்ளமோ, சைபர் சட்டச் சான்றிதழ் போன்றவை இருக்கின்றன. அவற்றை வைத்துக் கருப்பு கோட்டு போட முடியாது.

பொறியியல்: இதிலும் தொலைநிலை கிடையாது. சில நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் அனுமதி இல்லாமல் தபாலில் கொடுத்த பொறியியல் பட்டங்கள் விஷயத்தில் 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றம் கடுமையாகத் தீர்ப்புச் சொன்னது. பட்டம் வாங்கி வேலையில் இருந்தவர்கள்கூட மறுபடி பரீட்சை எழுத வேண்டிய நிலை வந்தது.

ஆசிரியர் பயிற்சி: பி.எட்.டுக்கு ஆசிரியர் கல்விக் கவுன்சிலான என்.சி.டி.இ.யின் அனுமதி வேண்டும். தொலைநிலையில் பி.எட். உண்டு, ஆனால் எல்லோருக்கும் அல்ல. ஏற்கெனவே பயிற்சி பெற்று வேலையில் இருக்கும் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கும், என்.சி.டி.இ. ஏற்ற ஆசிரியர் பயிற்சியை நேரடி வகுப்பில் முடித்தவர்களுக்கும்தான். இக்னோவின் பி.எட்., நுழைவுத் தேர்வு எழுதி ஜனவரி பருவத்தில் சேருகிற படிப்பு. டிகிரி மட்டும் வைத்துக்கொண்டு தனியார் பள்ளியில் பாடம் எடுக்கிற டீச்சர்கள் இந்த ஒரு வரியைப் படிக்காமல் தேர்வுக் கட்டணம் கட்டிவிடுகிறார்கள்.

கணக்கு: சி.ஏ. படிப்புக்குப் பல்கலைக்கழகமே வேண்டாம். நுங்கம்பாக்கம் மகாத்மா காந்தி சாலையில் அலுவலகம் வைத்திருக்கும் ஐ.சி.ஏ.ஐ.தான் பாடம் வகுக்கிறது, பரீட்சை வைக்கிறது, லைசென்ஸும் கொடுக்கிறது. இப்போது ஜனவரி, மே, செப்டம்பர் என்று வருடத்துக்கு மூன்று தேர்வு. பி.காம்.மில் 55 சதவீதம், மற்ற பட்டங்களில் 60 சதவீதம் இருந்தால் ஃபவுண்டேஷன் எழுதாமல் நேரே இன்டருக்குப் போகலாம். ஆனால் ஆடிட்டரிடம் இரண்டு வருட ஆர்ட்டிகிள்ஷிப் கட்டாயம். வங்கி வேலையை வைத்துக்கொண்டு இது நடக்காது. ஆடிட்டர் ஆபீஸ் பையன் எம்.காம். கேட்டு வந்தால், "நீ உட்கார்ந்திருக்கிற இடமே சி.ஏ.வுக்குப் பாதி வழிடா" என்று சொல்லி அனுப்புவேன். சி.ஏ., சி.எஸ்., சி.எம்.ஏ. மூன்றையும் முதுநிலைப் பட்டத்துக்குச் சமமாக எடுத்துக்கொள்ளலாம் என்று யு.ஜி.சி. 2021-இல் சொல்லியிருக்கிறது.

நிர்வாகம்: எம்.பி.ஏ.வுக்குத் தொழில் உரிமம் என்று ஒன்றும் கிடையாது. எம்.பி.ஏ. இல்லாமலும் மேனேஜர் ஆகலாம். அதனால் காவலாளி இல்லாத வீடு மாதிரி, இந்தத் துறையில்தான் ஏமாற்று அதிகம். 'பத்து நாள் எம்.பி.ஏ.' என்று ஒரு விளம்பரம் ஓடி, அப்படி ஒரு பட்டமே கிடையாது என்று யு.ஜி.சி. எச்சரிக்கை விட வேண்டியிருந்தது.

சமூகப் பணி: எழும்பூர் காசா மேஜர் சாலையில் 1952 முதல் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் ஒர்க் இருக்கிறது. அது நேரடிக் கல்லூரி. இக்னோவில் எம்.எஸ்.டபிள்யூ. ஜனவரியிலும் சேரலாம், ஆனால் களப்பணி உண்டு; ஞாயிற்றுக்கிழமை புத்தகம் புரட்டினால் முடிகிற படிப்பு இல்லை. தொழிற்சாலையில் நல அலுவலர் வேலைக்காகப் படிக்கிறவர்கள், மாநில அரசு விதிகளில் எந்தப் பட்டங்கள் ஏற்கப்பட்டிருக்கின்றன என்று முதலில் பார்த்துவிட வேண்டும்.

நூலகம்: எம்.லிப். ஒரே வருடம். பி.லிப். முடித்து பள்ளி நூலகத்தில் இருப்பவர்களுக்குத் தோதான படிப்பு.

நர்ஸ் கேட்ட உளவியல்

தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் இரவு ஷிஃப்ட் பார்க்கிற பெண் அவள். கவுன்சலர் ஆக வேண்டும் என்று ஆசை. "எம்.எஸ்சி. சைக்காலஜி போடணும்கா. டிஸ்டன்ஸ்ல ரெண்டு வருஷம். ஏஜென்ட் அண்ணன் சீட் ரெடின்னுட்டார்." கையில் ஐயாயிரம் ரூபாய் முன்பணம்.

தேசிய இணைநிலை மற்றும் சுகாதாரப் பராமரிப்புத் தொழில்களுக்கான ஆணையச் சட்டம் 2021-இல் வந்தது. அதன்கீழ் வருகிற படிப்புகளைத் தொலைநிலையிலோ ஆன்லைனிலோ நடத்தக் கூடாது என்று யு.ஜி.சி. 2025 ஆகஸ்டில் அறிவித்தது. உளவியல், நுண்ணுயிரியல், உணவு மற்றும் ஊட்டச்சத்து, உயிரித் தொழில்நுட்பம், டயட்டிக்ஸ் எல்லாம் அதில் அடக்கம். ஜூலை-ஆகஸ்ட் 2025 பருவத்திலிருந்து புதிதாக ஆள் சேர்க்கக் கூடாது. அதற்கு முன்பே சேர்ந்தவர்கள் முடித்துக்கொள்ளலாம்.

அவளுக்கு யு.ஜி.சி. அறிவிப்பையே திரையில் காட்டினேன். முகம் விழுந்துவிட்டது. "அப்ப அந்த அண்ணன் எப்படிக்கா சீட் கொடுப்பார்?" பழைய தேதி போட்டுத்தான் கொடுக்க வேண்டும். வேறு வழியே இல்லை.

இனி அவளுக்கு இரண்டு வழி. மருத்துவ உளவியலாளராகத் தொழில் செய்வதுதான் இலக்கு என்றால் நேரடி வகுப்பில் முதுநிலை முடித்து, அதற்கு மேல் இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் ஏற்ற படிப்பும் அதில் பதிவும் வேண்டும். அது நீண்ட பாதை. நோயாளிகளோடும் குடும்பத்தாரோடும் பேசித் தேற்றுகிற வேலைதான் இலக்கு என்றால் சமூகப் பணியில் கவுன்சலிங் பிரிவு இருக்கிறது. அதைப் படித்தால் சமூகப் பணியாளர் ஆகலாம், உளவியலாளர் ஆக முடியாது. அன்றைக்கு அவள் எதிலும் சேரவில்லை. ஐயாயிரத்தைப் பையில் போட்டுக்கொண்டு போனாள். அதுவே எனக்குப் பெரிய நிம்மதி.

840 மணி நேரம்

கவுன்சில் கேள்வி முடிந்தால் அடுத்தது நேரம். இக்னோ கணக்கில் ஒரு கிரெடிட் என்பது 30 மணி நேர உழைப்பு. புத்தகம் படிப்பது, அசைன்மென்ட் எழுதுவது, வகுப்புக்குப் போவது எல்லாம் சேர்த்து. அங்கே எம்.பி.ஏ. முதல் செமஸ்டரில் ஏழு பேப்பர், ஒவ்வொன்றும் நான்கு கிரெடிட். பெருக்கிப் பாருங்கள்: 840 மணி நேரம். ஆறு மாதத்துக்குப் பிரித்தால் வாரம் 32 மணி. ஏறக்குறைய இன்னொரு வேலை. 'சும்மா ஒரு எம்.பி.ஏ. போட்டு வைக்கலாம்' என்று வருகிற வங்கிக்காரர்களிடம் இந்தக் கணக்கைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுப்பேன்.

நல்லவேளையாக இரண்டு வருடப் படிப்பை நான்கு வருடம் வரை இழுக்கலாம். விட்ட பேப்பரை அடுத்த ஜூனிலோ டிசம்பரிலோ எழுதலாம். மதிப்பெண்ணில் அசைன்மென்ட்டுக்கு 30, தேர்வுக்கு 70 சதவீதம். ஜனவரியில் சேர்ந்தவர்கள் முதல் தேர்வை ஜூனிலேயே எழுத வேண்டும் என்பதால் அசைன்மென்ட் கெடு வழக்கமாக ஏப்ரல் கடைசியிலேயே வந்துவிடும். தபாலில் புத்தகம் வரட்டும் என்று காத்திருந்தால் பொங்கல் போய் பங்குனி வந்துவிடும். இக்னோ பாடப் புத்தகங்கள் ஈஞான்கோஷ் தளத்தில் இலவசமாகக் கிடக்கின்றன. அன்றைக்கே இறக்கிப் படிக்க ஆரம்பிக்கலாம்.

பத்து வருடம் புத்தகத்தைத் தொடாதவர்களுக்கு நான் சொல்வது, ஆழம் தெரியாமல் காலை விடாதீர்கள். ஐ.ஐ.டி.களும் பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி.யும் சேர்ந்து நடத்தும் என்.பி.டெல். இருக்கிறது. அதன் ஜனவரி-ஏப்ரல் பருவத்தில் ஒரே ஒரு பாடம் எடுத்துப் பாருங்கள். நிதி, மனிதவளம், டேட்டா சயின்ஸ் என்று எல்லாத் துறையும் உண்டு. 4, 8, 12 வாரப் பாடங்கள். சேர்வதற்குக் காசு வேண்டாம். சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் 1,000 ரூபாய் அளவில் தேர்வுக் கட்டணம். 12 வாரப் பாடத்தில் நல்ல மதிப்பெண் வந்த எட்டு அசைன்மென்ட்டை எடுத்து 25-க்குக் கணக்கிடுவார்கள். மீதி 75, மையத்துக்குப் போய் எழுதும் தேர்வு. வாராவாரம் அசைன்மென்ட்டைக் கெடுவுக்குள் போட முடிந்தால் எம்.பி.ஏ.வும் முடியும். மூன்றாவது வாரமே விட்டுப்போனால் ஒரு வருட ஃபீஸ் மிச்சம்.

இனிஷியல் படுத்தும் பாடு

விண்ணப்பம் நிரப்புவதில் பெரிய தலைவலி மார்க் அல்ல, பெயர். தொலைநிலையிலோ ஆன்லைனிலோ சேர 2024 செப்டம்பர் முதல் டி.இ.பி. ஐடி என்று ஒரு எண் கட்டாயம். அதற்கு முன் டிஜிலாக்கர் வழியாக ஏ.பி.சி. ஐடி எடுக்க வேண்டும். அது ஆதாரை வைத்து வரும். இங்கேதான் முட்டும். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் பெயருக்குப் பின்னால் 'கே' என்று ஒற்றை எழுத்து. ஆதாரில் அப்பா பெயர் முழுசாக விரிந்திருக்கும். கல்யாணம் ஆன பெண்ணென்றால் பான் கார்டில் கணவர் பெயர் வந்து உட்கார்ந்திருக்கும். ஒரே ஆளுக்கு மூன்று பெயர். டிசம்பர் கடைசியில் இதைக் கண்டுபிடித்தால் திருத்தி முடிக்க வாரக்கணக்கில் ஆகும். அதனால் தீபாவளி கழிந்ததுமே மார்க் ஷீட்டையும் ஆதாரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து பார்த்துவிடுங்கள்.

ஸ்கேன் விஷயமும் அப்படியே. இக்னோவுக்குப் புகைப்படமும் கையெழுத்தும் 100 கே.பி.க்குள், சான்றிதழ்கள் 200 கே.பி.க்குள். மொபைலில் எடுத்த படம் அதைப்போல் இருபது மடங்கு இருக்கும். அமுக்கிச் சுருக்கினால் முத்திரை படிக்காமல் போகும். முதலில் கறுப்பு-வெள்ளையில் ஸ்கேன் எடுத்துவிட்டால் அளவும் குறையும், எழுத்தும் நிற்கும்.

ஏ.பி.சி. ஐடி, டி.இ.பி. ஐடி இரண்டையும் உங்கள் மொபைலில், உங்கள் ஓ.டி.பி.யில் நீங்களே உருவாக்குங்கள். கடைக்காரர் நம்பரிலோ ஏஜென்ட் நம்பரிலோ வேண்டாம். என் கடையானாலும் இதையேதான் சொல்வேன்.

அரசு வேலைக்குப் படிக்கிறவர்களுக்கு

தொலைநிலைப் பட்டம் செல்லுமா? அனுமதி பெற்ற பல்கலைக்கழகம், அனுமதி பெற்ற படிப்பு என்றால் நேரடிப் பட்டத்துக்குச் சமம்தான். ஆனால் தமிழ்நாட்டில் ஒரு நிபந்தனை உண்டு. பத்தாவது, ப்ளஸ் டூ முடிக்காமல் நேரே திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் வாங்கிய பட்டத்தை அரசுப் பணிக்கு ஏற்பதில்லை என்று 2009-இன் அரசாணை 107 சொல்கிறது. மேலே எத்தனை முதுநிலை அடுக்கினாலும் அடியில் இருக்கிற ஓட்டை அடையாது.

ஒரே நேரத்தில் இரண்டு படிப்பு படிக்க 2022 முதல் யு.ஜி.சி. அனுமதிக்கிறது. ஒன்று நேரடி, இன்னொன்று தொலைநிலை என்று வைத்துக்கொள்ளலாம். பிஎச்.டி.க்கு இந்தச் சலுகை இல்லை.

கட்டணம் கட்டுமுன்

பல்கலைக்கழகத்தின் பெயர் பெரியதாக இருந்தால் மட்டும் போதாது. யு.ஜி.சி.யின் தொலைதூரக் கல்விப் பிரிவுத் தளத்தில், இந்த வருடத்துக்கு, நீங்கள் சேரப்போகிற அதே படிப்புக்கு அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். போன வருடம் அனுமதி இருந்தது என்பதால் இந்த வருடமும் இருக்கும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வேறு மாநிலத்து அரசுப் பல்கலைக்கழகம் சென்னையில் மையம் வைத்துத் தொலைநிலைப் படிப்பு நடத்த முடியாது. மாநில எல்லைக்குள்தான் அதற்கு உரிமை. பணத்தைப் பல்கலைக்கழகத்தின் தளத்திலேயே கட்டி ரசீது எடுங்கள். "எக்ஸாம் நாங்களே எழுதிக் கொடுத்துடுவோம்", "2022-ல சேர்ந்த மாதிரி போட்டுக்கலாம்" என்று யாராவது சொன்னால் அங்கே படிப்பே இல்லை, வெறும் காகிதம்தான்.

இப்படிப்பட்டவர்கள் விற்பது பட்டத்தைக் காட்டிலும் அவசரத்தைத்தான். "நாளைக்குத்தான் கடைசி நாள், இன்னைக்கே அட்வான்ஸ் கட்டுங்க" என்பார்கள். ஜனவரி கடைசி என்று அறிவித்த தேதியைப் பல்கலைக்கழகங்களே பல தடவை நீட்டித்திருக்கின்றன. நீட்டிக்காவிட்டாலும் குடி முழுகிவிடாது. வருடத்துக்கு இரண்டு சேர்க்கை இருப்பதில் வேலைக்குப் போகிறவர்களுக்குக் கிடைத்த பெரிய லாபம் இதுதான்: கவுன்சிலைக் கேட்க ஒரு வாரம், பெயரைத் திருத்த ஒரு மாதம், நமக்கு இது ஒத்துவருமா என்று பார்க்க ஒரு என்.பி.டெல். பாடம், இதற்கெல்லாம் அவகாசம் இருக்கிறது. இன்றைக்கே கட்டு என்று நெருக்குகிறவரிடம், "ஜூலையில பார்த்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.